37 டிகிரி அறையில் ஓர் எடிட்டிங் கணினி

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு, அறையில் 37.5 டிகிரி வெப்பம் இருந்தபோது, 25 நிமிடத் திருமணத் தொகுப்பு ஒன்று 48 நிமிடங்களில் ரெண்டர் ஆகி (இறுதி வீடியோக் கோப்பாக உருவாகி) முடிந்தது. முடியும் வரை கணினியின் மையச் சில்லான பிராசசரின் வெப்பம் 82 டிகிரியைத் தாண்டவில்லை. மே மாத முதல் வாரத்தில், கத்திரி தொடங்கிய நாட்களில், இதே கோப்பு இதே அறையில் 58 நிமிடங்கள் எடுத்தது. அப்போது பிராசசர் தொடங்கிய இரண்டாவது நிமிடமே 90 டிகிரியைத் தொட்டு, வேலை முடியும் வரை அங்கேயே நின்றது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் நான் செய்தவற்றை, தவறாகச் செய்தவை உட்பட, வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

என் வேலை, ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துக் கொடுக்கும் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது. சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஒற்றை அறையில் இதைச் செய்கிறேன். வேலூரை வெயிலூர் என்று சொல்வது வழக்கம். காங்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அது சொல்வழக்காக மட்டும் இருப்பதில்லை. ஏசி போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இது வாடகை அறை. இந்த மாடிக்கு வரும் ஒயரிங் அந்தச் சுமையைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆகவே அறையின் வெப்பத்தை மாற்ற முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

கணினியில் இருப்பது ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு மிட் டவர் கேபினெட். இந்தப் பிராசசருடன் அதைக் குளிர்விக்கும் கூலர் வராது. வாங்கும்போது பட்ஜெட் இடிக்கவே, 92 மி.மீ. விசிறியுள்ள சிறிய கூலர் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். 105 வாட் என்று பிராசசர் பெட்டியில் அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பினேன். நிறுவனம் வைத்திருக்கும் உண்மையான மின் உச்சவரம்பு 142 வாட். வெப்ப வரம்பு 90 டிகிரி. எட்டு கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) ஏறக்குறைய 80 சதுர மி.மீ. பரப்புள்ள ஒரே சில்லில் இருப்பதால், அத்தனை வெப்பமும் விரல் நகத்தளவு இடத்திலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது.

முதல் தவறு அளப்பதிலேயே நடந்தது. ரெண்டரை ஓடவிட்டு வெப்பத்தைப் பார்த்தேன்: 90. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்: அப்போதும் 90. காற்றோட்டத்தில் குறை இல்லை, கூலர்தான் போதவில்லை என்று அன்றே முடிவு கட்டினேன். அந்த முடிவு தவறு என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. வெப்ப வரம்பில் முட்டி நிற்கும் பிராசசர், வெப்பத்தை 90-இல் வைத்துக்கொண்டு வேகத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். எனவே அப்போது பார்க்க வேண்டியது அது எத்தனை வாட் எடுத்துக்கொள்கிறது, எத்தனை கிகாஹெர்ட்சில் ஓடுகிறது என்பதையே. பின்னர், வெப்பமும் வாட்டும் வேகமும் பதிவாகியிருந்த பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது விடை அதில் முதல் நாளிலிருந்தே இருந்தது தெரிந்தது: கதவு மூடியிருந்தபோது 78 வாட், 3.95 கிகாஹெர்ட்ஸ், கதவைத் திறந்தபோது 98 வாட், 4.2 கிகாஹெர்ட்ஸ். ஒரு ரூபாய் செலவில்லாமல் 20 வாட் கூடியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அதே வாரத்தில் செய்த ஒரு நல்ல காரியம், மீன்தொட்டிக் கடையில் 180 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கியது. ஒரு மீட்டர் ஒயரும் நுனியில் சிறிய உணரியும் உள்ள வகை. உணரியைக் கூலர் விசிறியின் முன்னால் ஒரு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டு, ஒயரைக் கேபினெட்டின் பின்பக்க ஸ்லாட் இடுக்கு வழியாக வெளியே எடுத்தேன். கூலர் எந்தக் காற்றை இழுத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதை அது நேரடியாகக் காட்டியது. அறையில் 37.5 இருக்க, கூலரை அடையும் காற்று 50.5 டிகிரி. இதன் பிறகு எல்லாச் சோதனைகளையும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அறை 37-க்கும் 38-க்கும் நடுவில் இருக்கும்போது, அதே கோப்பை வைத்தே செய்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அளந்து ஒப்பிட்டால் வேலூரில் அதற்குப் பொருளே இல்லை.

கணினி இருந்த இடமும் சரியில்லை. மேசைக்குக் கீழே மூன்று பக்கமும் பலகை அடைத்த பொந்து; பின்பக்கம் மேற்குச் சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி. மேற்கு வெயில் முழுதையும் வாங்கும் அந்தச் சுவரை நான்கு மணிக்குத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் போல் இருக்கும். பின் விசிறி தள்ளிய சூடான காற்று சுவரில் மோதித் திரும்பிப் பொந்துக்குள்ளேயே தேங்கியது. ஒரு அடி உயர ஸ்டூலைப் போட்டுக் கணினியைப் பொந்திலிருந்து வெளியே எடுத்து, உள்சுவர் ஓரமாக, பின்னால் 25 செ.மீ. விட்டு வைத்தேன். உள்ளே வரும் காற்று 50.5-இலிருந்து 48 ஆகக் குறைந்தது. பிறகு மேசையருகே நடக்க இடமில்லை என்று பத்து நாள் பழைய இடத்துக்கே கொண்டு போனேன். கடைசியில் மேசையையே நகர்த்திவிட்டு மறுபடியும் ஸ்டூலுக்கு வந்தேன். ஆகவே கீழே வரும் எண்களில், கூலர் மாற்றிய நாளின் எண்கள் பொந்துக்குள் எடுத்தவை, அதற்குப் பிந்தியவை ஸ்டூலில் எடுத்தவை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கூலர் தேர்வுக்கு வருகிறேன். முதலில் அளக்க வேண்டியது உயரம். பிராசசரின் மேற்பரப்பு மட்டத்திலிருந்து பக்கக் கண்ணாடி வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். கையேட்டில் 160 மி.மீ. என்று போட்டிருந்தது, ஸ்கேல் 162 காட்டியது. நான் ஆசைப்பட்ட நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ.; அத்துடன் அந்த ஆசை முடிந்தது, விலையும் எனக்கு எட்டாததே. தண்ணீர் கூலரைப் பற்றி நான்கைந்து நாள் யோசித்தேன். 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ளவை ஏழாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கவில்லை. அதன் ரேடியேட்டரும் இதே 37 டிகிரிக் காற்றைத்தான் இழுக்கப்போகிறது. கூடவே ஒரு பம்ப் பழுதாகக் காத்திருக்கும். முகூர்த்த மாதத்தில் நடுவழியில் நின்றுவிட்டால் நான் கெட்டேன். காற்றுக் கூலரில் பழுதாகக் கூடியது விசிறி ஒன்றுதான், அதை அரை மணியில் மாற்றிவிடலாம்.

காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பெட்டிகளில் 180 வாட், 220 வாட், 260 வாட் என்று அச்சிட்டிருக்கும் எண்களைக் காட்டிக் கேட்டபோது, கடைக்காரர், “அண்ணா, அந்த நம்பரை விடுங்க. எத்தனை பைப், எத்தனை ஃபேன், எவ்வளவு உசரம், அத மட்டும் பாருங்க” என்றார். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முறையில் சொல்லும் எண் அது என்பதால் அவர் சொன்னது சரியான யோசனை. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வாங்கினேன்: ஆறு வெப்பக் குழாய்கள், இரண்டு கோபுரம், இரண்டு 120 மி.மீ. விசிறி, உயரம் 155 மி.மீ., விலை 3,450 ரூபாய். மேல் பக்கம் பொருத்த என்று 120 மி.மீ. விசிறி இரண்டு, ஒன்று 650 ரூபாய் வீதம். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட், நான்கு கிராம், 520 ரூபாய். கூலருடனேயே ஒரு சிறிய பேஸ்ட் குழாய் வரும் என்பதால் இது தேவையில்லாத செலவு.

பழைய கூலரைக் கழற்றும்போது நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இருக்கை) வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்கலாம். கொக்கியை விடுவித்துவிட்டு, கூலரை இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்தேன். முதலில் அசையவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்ததும் “டக்” என்ற ஓசையுடன் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால், பிராசசர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டிய நிலையிலேயே இருக்கிறது. இரண்டு வருடத்தில் காய்ந்துபோன பேஸ்ட், சாக்கெட்டின் பிடியை விட வலுவாக இருந்திருக்கிறது. பிராசசரின் அடியில் 1331 ஊசிகள். அவற்றில் ஓர வரிசையில் இரண்டு சாய்ந்திருந்தன.

அன்று மேலே எதையும் தொடாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலில் இருந்த ஈயக்குச்சியை முழுக்க எடுத்துவிட்டால், அதன் உலோக முனை ஒரு மெல்லிய குழாய் ஆகிவிடுகிறது. சாய்ந்த ஊசியின் மேல் அந்தக் குழாயை இறக்கி, ஒரே தடவையில் நிமிர்த்தாமல், மயிரிழை அளவு தள்ளுவது, பென்சிலை எடுப்பது, பிராசசரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வரிசையின் வழியே பார்ப்பது, மறுபடி தள்ளுவது என்று செய்தேன். ஊசிகள் ஒழுங்காக இருந்தால் வரிசைகளுக்கு இடையே வெளிச்சம் நேர்கோடாகத் தெரியும்; சாய்ந்த ஊசி அந்தக் கோட்டை மறைக்கும். இரண்டு ஊசிகளுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சாக்கெட்டில் வைத்தபோது, அழுத்தாமலேயே தன் எடையில் பிராசசர் உள்ளே இறங்கியது. இறங்காவிட்டால் அழுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கணினியைக் கால் மணி நேரம் வேலை வாங்கிச் சூடேற்றி, அணைத்தவுடன் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பேஸ்ட் விட்டுக்கொடுத்த பிறகு தூக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

புதிய கூலரைப் பொருத்துவது எளிது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் பழைய பேஸ்டைத் துடைத்தேன். மதர்போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளின் நான்கு திருகுகளைக் கழற்றினால் பின்பக்க உலோகத் தகடு கழன்று விழும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். தம்பியைப் பின்னாலிருந்து விரலால் தாங்கச் சொன்னேன். நடுவில் இருக்கும் திருகுகளை எட்ட நீளமான ஸ்டார் திருப்புளி வேண்டும். இரண்டையும் மாறி மாறி, தடவைக்கு இரண்டு சுற்றாக இறுக்கினேன். கோபுரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி மிஞ்சியது.

அன்று பிற்பகல் எடுத்த அளவு: 90 டிகிரி, 105 வாட், 4.3 கிகாஹெர்ட்ஸ். ரெண்டர் 50 நிமிடம். வேகம் கூடியது உண்மை. ஆனால் மூன்று மடங்கு பெரிய கூலர் போட்டும் வெப்பம் வரம்பிலேயே நிற்பதைப் பார்த்து எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. வெப்பமானியைப் பார்த்தேன். கூலருக்குள் போகும் காற்று இன்னும் 50 டிகிரி. அதன் பிறகுதான் பழைய பதிவுக் கோப்பைத் திறந்து, மேலே சொன்ன அந்த 78-க்கும் 98-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டேன்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். சீலிங் ஃபேனை நிறுத்தி, சாம்பல் உள்ளே விழாதபடி கீழே ஒரு தட்டை ஏந்திக்கொண்டு, கேபினெட்டைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். முன்பக்கக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தபோது புகை நேராக மேலே எழுந்தது. உள்ளே இரண்டு விசிறி சுற்றுகிறது என்பதற்கான அடையாளமே இல்லை. பக்கவாட்டில் உள்ள 8 மி.மீ. இடுக்கில் பிடித்தபோது மட்டும் ஒரு நூல் போல உள்ளே வளைந்தது. கிராபிக்ஸ் கார்டின் பின்னால் இருக்கும் ஸ்லாட் தகடுகளின் துளைகளில் பிடித்தபோது, அங்கே நன்றாகவே உள்ளே இழுத்தது. முன்னால் வழி இல்லாததால் கேபினெட் பின்பக்கம் வழியாக, தானே வெளியே தள்ளிய சூடான காற்றைத் திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. 300 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 50 கன அடிக் காற்று சுமந்து சென்றால் அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடேறும். 100 கன அடி சென்றால் 5 டிகிரிதான். என் கேபினெட்டில் அந்த 50 கன அடியும் போகவில்லை.

முன்பக்கக் கண்ணாடியை நான்கு திருகுகளோடு கழற்றி அலமாரியின் மேல் வைத்தேன். கூலருக்குள் போகும் காற்று 41.5 டிகிரிக்கு வந்தது; பிராசசர் 126 வாட் வரை எடுத்து 4.45 கிகாஹெர்ட்சில் ஓடியது.

ஆனால் திறந்த முகப்பை அப்படியே விட முடியாது. நெடுஞ்சாலைப் புழுதியும், காற்றடிக்கும் நாட்களில் பாலாற்றுப் பக்கமிருந்து வரும் நுண்மணலும் இந்த அறையில் ஒரு நாளில் மேசையில் விரலால் எழுதும் அளவுக்குப் படிந்துவிடும். லாங்கு பஜாரில் நைலான் கொசுவலை வாங்கி இரண்டு மடிப்பாகப் போட்டேன். தூசியை நன்றாகத் தடுத்தது, காற்றையும் தடுத்தது: 41.5 இருந்தது 45.5 ஆயிற்று. ஒற்றை மடிப்பாக்கியபோது வலை விசிறியின் இழுவையில் உள்வாங்கி இறக்கைகளில் உரசியது. கடைசியில் ஜன்னலுக்கு அடிக்கும் அலுமினிய வலையை அளவாக வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ பட்டை ஒட்டி முகப்பில் பதித்தேன். அது விறைப்பாக நிற்கிறது. 42 டிகிரிக்கு மேல் போகவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரித்துக் குழாயடியில் கழுவி, உலர்த்தி, திரும்ப ஒட்ட ஐந்து நிமிடம் போதும். நைலான், அலுமினியம் இரண்டு வலைக்கும் சேர்த்து 160 ரூபாய், வெல்க்ரோ 90.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சூடான காற்று மேலே போகும் என்று எண்ணி, ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு விசிறிகளையும் மேல் பக்கத்தில், காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினேன். உள்ளே வரும் காற்று 42-இலிருந்து 43.5-க்கு ஏறியது. மறுபடியும் ஊதுபத்தி. முகப்பின் மேல் பகுதியில் நுழைந்த புகை கூலரை எட்டுவதற்கு முன்பே செங்குத்தாகத் திரும்பி, முன்னால் உள்ள மேல் விசிறி வழியாக வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்த்தேன். வலை வழியாக வந்த புதிய காற்றைக் கூலருக்குக் கிடைக்கவிடாமல் பாதி வழியில் திருடிக்கொண்டிருந்தது அந்த விசிறி. வெளியே தள்ளும் விசிறி மூன்று, உள்ளே இழுப்பது இரண்டு என்று ஆனதால், பற்றாக்குறைக் காற்று வலையில்லாத இடுக்குகள் வழியே வந்து, பத்தே நாளில் ரேம் மீதும் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மீதும் சாம்பல் நிறத் தூசியை விரித்துவிட்டது.

இரண்டையும் கழற்றினேன். ஒன்றை முகப்பின் அடியில் மூன்றாவதாக, உள்ளே இழுக்கும்படி, கிராபிக்ஸ் கார்டுக்கு நேராக மாட்டினேன். மற்றது உதிரியாக மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போது உள்ளே மூன்று, வெளியே பின்பக்கம் ஒன்று. மிகுதிக் காற்று இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. ஸ்லாட் துளைகளில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. கூலருக்குள் போகும் காற்று 41 டிகிரி. அறையை விட மூன்றரை டிகிரிதான் அதிகம்.

மிஞ்சியது அந்த 90. கூலரும் சரி, காற்றும் சரி. இந்த வெயிலில் 142 வாட்டை 90-க்குள் வைத்திருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாசில், பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பகுதியில் வரம்புகளைக் கையால் இடும் வசதி இருக்கிறது. பிபிடி என்ற மின் வரம்பை 142-இலிருந்து முதலில் 120 ஆக்கினேன்: 87 டிகிரி, 47 நிமிடம். அடுத்து 105: 82 டிகிரி, 48 நிமிடம். அடுத்து 88: 74 டிகிரி, 52 நிமிடம். 105-இல் நிறுத்திவிட்டேன். வரம்பு ஏதும் இல்லாமல் ஓடவிட்டபோதும் 47 நிமிடம்தான் ஆகியிருந்தது; ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்ததற்கு எட்டு டிகிரி குறைந்தது. விசிறிகளின் இரைச்சலும் தணிந்து, ஹெட்போன் இல்லாமலே நாதஸ்வரத்தின் ஒலி அளவைச் சரிபார்க்க முடிகிறது.

கணக்கு இது: கூலர் 3,450, விசிறிகள் 1,300, பேஸ்ட் 520, வெப்பமானி 180, வலை 160, ஆல்கஹால் 110, வெல்க்ரோ 90. மொத்தம் 5,810 ரூபாய், ரயில் கட்டணம் நீங்கலாக. இதில் 520-உம் ஒரு விசிறியின் 650-உம் வீண். வேலை நடந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால், முதலில் 180 ரூபாய் வெப்பமானி, பிறகு இடமாற்றம், பிறகு முகப்பு வலை, பிறகு மின் வரம்பு, இவ்வளவும் முடிந்த பிறகே கூலர் என்று வைத்திருப்பேன். அப்போதும் கூலரை வாங்கியிருப்பேன், 92 மி.மீ. கூலர் கதவு திறந்த நிலையில்கூட 98 வாட்டைத்தான் தாங்கியது, அதுவும் 90 டிகிரியில்.

அடுத்த கணினிக்குக் கண்ணாடி முகப்புள்ள கேபினெட்டை எந்த விலைக்கும் வாங்கமாட்டேன். பிராசசரும் அதே எட்டு கோர் உள்ள, 65 வாட் வகையான 5700எக்ஸ் போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதற்கும் பேஸ்ட் மாற்ற எண்ணியிருக்கிறேன். இப்போது அது 76 டிகிரியில் ஓடுகிறது. கழற்றிய கண்ணாடி இன்னும் அலமாரியின் மேல்தான் இருக்கிறது.